எகனாமிக்ஸ் அடிப்படை: அடிக்கடி கேக்கப்படுற கேள்விகள்

எகனாமிக்ஸ் புதுசா படிக்க ஆரம்பிச்சவங்க, பேப்பர்ல பிசினஸ் பக்கம் வந்தாலே அப்படியே திருப்பிடறவங்க, ரெண்டு பேருக்கும்தான் இது. டெஃபினிஷன் மட்டும் போதும்னா எந்த புக்லயும் கிடைக்கும், அதனால எங்க எல்லாரும் சறுக்குறாங்களோ அங்க மட்டும் நின்னு பேசியிருக்கேன். பாதிக்கு மேல குழப்பம் "எதோட ஒப்பிட்டு?"ன்னு கேக்காம விடறதுலதான் வருது.

எகனாமிக்ஸ்னா பணம் சம்பாதிக்கறதைப் பத்தின படிப்பா?

இல்லைங்க. பணம் அதுல ஒரு பகுதி, அவ்ளோதான். நமக்கு வேணும்கறது நிறைய, ஆனா நேரம், நிலம், ஆளு, மெஷின் எல்லாம் அளவாத்தான் இருக்கு, ஒண்ணை ஒரு வேலைக்கு எடுத்துட்டா இன்னொரு வேலைக்கு அது இல்ல. அப்ப எதை எதுக்கு ஒதுக்கறதுன்னு முடிவு பண்ணியாகணும், அந்த முடிவைப் பத்தின படிப்புதான் இது. லியோனல் ராபின்ஸ்ங்கற பிரிட்டிஷ் எகனாமிஸ்ட் 1932ல கிட்டத்தட்ட இப்படித்தான் வரையறுத்தாரு. பணமே புழங்காத தீவுல ஒரு ஆளு தனியா மாட்டிக்கிட்டா கூட, இன்னைக்குப் பொழுதை மீன் பிடிக்க செலவு பண்றதா குடிசை போட செலவு பண்றதாங்கறது எகனாமிக்ஸ் கேள்விதான்.

இங்கயே ஒரு சின்ன விஷயம். பற்றாக்குறை வேற, தட்டுப்பாடு வேற. ஒரு பொருள் எல்லா கடையிலயும் அடுக்கி வச்சிருந்தாலும் அதுக்கு விலைன்னு ஒண்ணு இருக்குன்னா அது பற்றாக்குறையான பொருள்தான். அந்த விலையைக் கொடுக்க ரெடியா இருந்தும் கிடைக்கலன்னா அதுதான் தட்டுப்பாடு.

மைக்ரோ, மேக்ரோ என்ன வித்தியாசம்?

மைக்ரோன்னா தனித்தனி ஆளுங்க, கம்பெனிங்க, ஒரு பொருளோட மார்க்கெட். மேக்ரோன்னா மொத்த நாட்டோட உற்பத்தி, வேலைவாய்ப்பு, விலைவாசி. மேக்ரோ தனியா ஒரு பிரிவா வளர்ந்தது 1936ல ஜான் மேனார்ட் கெய்ன்ஸ்ங்கற பிரிட்டிஷ் எகனாமிஸ்ட் எழுதின புத்தகத்துக்கு அப்புறம்தான்.

சின்னதைக் கூட்டினா பெருசு வந்துடும், அப்புறம் எதுக்கு தனிப் பாடம்னு கேப்பாங்க. கூட்டினா வராது, அதான் விஷயம். ஒருத்தர் செலவைக் குறைச்சு சேமிச்சா அவருக்கு நல்லது. மந்தமான நேரத்துல எல்லாரும் ஒரே சமயத்துல செலவைக் குறைச்சா, ஒருத்தரோட செலவுதானே இன்னொருத்தரோட வருமானம், எல்லாரோட வருமானமும் இறங்கி கடைசில மொத்த சேமிப்பு கூடாமலே போகலாம்.

ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்னு எல்லா சாப்டர்லயும் வருதே, அது என்ன அவ்ளோ பெரிய விஷயமா?

ஆமா, பெரிய விஷயம்தான். இந்த ஒண்ணு பிடிபட்டா மீதி பாடத்துல பாதி தானா வந்துடும். வாய்ப்புச் செலவுன்னா நீங்க எடுத்த முடிவால கைவிட்டுப் போனதுலயே சிறந்தது எதுவோ அதோட மதிப்பு.

வேலையை விட்டுட்டு ரெண்டு வருஷம் முழுநேரமா படிக்கப் போறவரை எடுத்துக்குங்க. செலவு எவ்ளோன்னு கேட்டா ஃபீஸ், புக், லேப்டாப்னு எழுதுவாரு, கூடவே சாப்பாடு, வாடகையையும் சேர்த்துடுவாரு. ரெண்டு இடத்துல தப்பு. வேலைல இருந்திருந்தா வந்திருக்கக்கூடிய ரெண்டு வருஷ சம்பளத்தைக் காணோம், பல பேருக்கு ஃபீஸை விட அதுதான் பெரிய தொகை. அடுத்து, சாப்பாடும் வாடகையும் படிச்சாலும் ஆகும் படிக்கலன்னாலும் ஆகும், அதனால அது படிப்போட செலவே கிடையாது, படிக்கப் போற ஊர்ல வாடகை கூடன்னா அந்தக் கூடுதல் மட்டும்தான் சேரும். எதோட ஒப்பிட்டு செலவுன்னு கேட்டா ரெண்டுமே சரியாயிடும்.

விட்டுப்போன எல்லாத்தையும் கூட்டாதீங்க. ஒரே சாயந்திரத்துல சினிமாவுக்கும் போய் ஓவர்டைமும் பாத்து தூங்கவும் முடியாது, அதுல ரெண்டாவது சாய்ஸ் எதுவோ அது மட்டும்தான் கணக்கு.

சொந்தக் கட்டடத்துல கடை வச்சிருக்கறவரு வாடகை மிச்சம்னு நினைப்பாரு. வெளில விட்டா வந்திருக்கிற வாடகை அவரு இழக்கறதுதான். அதையும், அவரு வேற வேலைக்குப் போயிருந்தா வந்திருக்கிற சம்பளத்தையும் கழிச்சா மிஞ்சறது பொருளாதார லாபம். அக்கவுன்டன்ட் காட்டற லாபம் நல்லா இருந்தும் பொருளாதார லாபம் மைனஸ்ல போறது சாதாரணம்.

அப்ப ஏற்கெனவே போட்ட பணத்தை என்ன பண்றது?

எதுவும் பண்ண முடியாது, அதனாலதான் அதை முடிவுல சேர்க்கக் கூடாது. திரும்ப வராத செலவுக்கு சங்க் காஸ்ட்னு பேரு. பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து கட்டின கான்கார்ட் விமானம் இதுக்குப் பேர்போன உதாரணம். லாபம் வராதுன்னு தெரிஞ்ச பிறகும் இவ்ளோ போட்டாச்சேன்னு தொடர்ந்தாங்க, 1976ல பயணிகள் சர்வீஸ் ஆரம்பிச்சு 2003ல நின்னுச்சு. "கான்கார்ட் ஃபாலசி"ன்னே ஒரு பேர் நிலைச்சுடுச்சு. கேக்க வேண்டியது இதுவரை எவ்ளோ போட்டோம்னு இல்ல, இனிமே போடப்போறதுக்கு இனிமே வரப்போறது ஈடாகுமான்னுதான்.

மார்ஜினல், மார்ஜினல்னு சொல்றாங்களே, அது என்ன?

அடுத்த ஒரு யூனிட். அவ்ளோதான். மார்ஜினல் காஸ்ட்னா இன்னும் ஒண்ணு கூடுதலா தயாரிக்க ஆகற செலவு, மார்ஜினல் யுடிலிட்டின்னா இன்னும் ஒண்ணு கூடுதலா கிடைச்சா வர்ற திருப்தி. தமிழ் மீடியம் புக்ல இறுதிநிலைன்னு இருக்கும்.

இது ஏன் முக்கியம்னா, ஆடம் ஸ்மித் 1776லயே ஒரு புதிரைப் பேசியிருப்பாரு. தண்ணி இல்லாம உயிர் வாழ முடியாது, ஆனா மலிவு, வைரம் இல்லாம தாராளமா வாழலாம், ஆனா விலை எங்கயோ இருக்கு. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு, 1871ல ஜெவன்ஸும் கார்ல் மெங்கரும், 1874ல வால்ராஸும் தனித்தனியா ஒரே மாதிரி விடைக்கு வந்தாங்க. மொத்தத் தண்ணியோட பயன் அளவிட முடியாதது, ஆனா ஏற்கெனவே நிறைய இருக்கும்போது அடுத்த ஒரு டம்ளரோட பயன் ரொம்பக் கம்மி. விலை மொத்தப் பயனை வச்சு வரல, அந்தக் கடைசி யூனிட்டோட பயனை வச்சு வருது. பாலைவனத்துல ஒரு பாட்டில்தான் இருக்குன்னா கணக்கு அப்படியே தலைகீழாயிடும்.

விலை ஏறினா டிமாண்ட் குறையும், டிமாண்ட் குறைஞ்சா விலை இறங்கும், விலை இறங்கினா டிமாண்ட் ஏறும்... இது சுத்திக்கிட்டே இருக்காதா?

எக்ஸாம்ல இந்த ஒரு இடத்துல போற மார்க் வேற எங்கயும் போறதில்லன்னு தைரியமா சொல்லுவேன். டிமாண்ட்னா ஒரு நம்பர் கிடையாது. இந்த விலைன்னா இவ்ளோ வாங்குவாங்க, அந்த விலைன்னா அவ்ளோ வாங்குவாங்கன்னு ஒரு முழு அட்டவணை, படத்துல ஒரு முழுக்கோடு. விலை மாறினா அந்தக் கோட்டு மேலயே ஒரு புள்ளிலேருந்து இன்னொரு புள்ளிக்குப் போறோம், கோடு அங்கயேதான் இருக்கு. அதுக்குப் பேரு தேவையின் அளவு மாறுறது. விலையைத் தவிர வேற எதாவது மாறினாத்தான், அதாவது வருமானம், ருசி, மாற்றுப் பொருளோட விலை, வாங்கற ஆளுங்க எண்ணிக்கை, நாளைக்கு விலை என்னாகும்கற எதிர்பார்ப்பு, இந்த மாதிரி, கோடே நகரும். அதுதான் டிமாண்ட் மாறுறது.

மழைக்காலம் வந்து குடை நிறைய போகுதுன்னா அதே விலைக்கு முன்னைவிட ஜாஸ்தி வாங்க ஆளு இருக்கு, கோடு வலது பக்கம் நகர்ந்துடுச்சு, விலை ஏறும். விலை ஏறினதால சிலபேரு குடை வாங்காம விட்டுடறாங்களே, அது புதுக் கோட்டு மேல நடக்கற விஷயம், கோட்டைத் திரும்ப இடது பக்கம் தள்ளாது. சுத்தல் அங்கயே நின்னுடுது.

சப்ளைக்கும் இதே மாதிரி ஒரு கோடு உண்டு, எந்த விலைக்கு எவ்ளோ விக்கத் தயார்ங்கறது. ரெண்டு கோடும் ஒரே சமயத்துல நகர்ந்தா ஜாக்கிரதை. டிமாண்டும் சப்ளையும் ரெண்டுமே கூடினா விக்கற அளவு கண்டிப்பா கூடும், விலை ஏறுமா இறங்குமான்னு எது ஜாஸ்தி நகர்ந்துச்சுன்னு தெரியாம சொல்ல முடியாது. பேப்பர்ல "சொல்ல முடியாது"ன்னு எழுதத் தயங்காதீங்க, அதுதான் சரியான விடை.

விலையை ஏன் செங்குத்துக் கோட்டுல போடறாங்க? மேத்ஸ்ல இது தலைகீழா இருக்கே?

1890ல ஆல்ஃபிரட் மார்ஷல் அப்படிப் போட்டு பிரபலப்படுத்தினாரு, அதுவே பழகிடுச்சு. வேற பெரிய ரகசியம் இல்ல.

விலை ஏற ஏற ஜாஸ்தி வாங்கற பொருள் நிஜமாவே இருக்கா?

ரெண்டு வகை சொல்றாங்க. வெப்லன் வகைன்னா விலை கூடங்கறதே கவர்ச்சி, அந்தஸ்து காட்டறதுக்காக வாங்கறது. கிஃபன் வகைன்னா ரொம்ப ஏழையானவங்க சாப்பாட்டுல பெரும்பங்கு ஒரே மலிவான தானியம்னு இருக்கும்போது, அதோட விலை ஏறினா மத்த நல்ல சாப்பாட்டை விட்டுட்டு வயித்தை நிரப்ப அதையே இன்னும் ஜாஸ்தி வாங்க வேண்டி வர்றது. இது ரொம்ப நாள் புக்ல மட்டும் இருந்த விஷயம். ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர் ரெண்டு பேரும் சீனாவோட ஹுனான் மாகாணத்துல ஏழைக் குடும்பங்கள்கிட்ட அரிசியை வச்சு இதைக் காட்டி 2008ல வெளியிட்டாங்க. ஆனா அபூர்வம்தான், பதில்ல எடுத்தவுடனே இதைத் தூக்கி வைக்காதீங்க.

எலாஸ்டிசிட்டி?

நெகிழ்ச்சின்னு புக்ல இருக்கும். விலை 1 சதவீதம் மாறினா வாங்கற அளவு எத்தனை சதவீதம் மாறும், அதான். விலை 10 சதவீதம் ஏறி விற்பனை 4 சதவீதம் இறங்குச்சுன்னா நெகிழ்ச்சி 0.4. இப்ப விக்கறவரோட வருமானத்தைப் பாருங்க, 1.10 இன்டு 0.96 போட்டா 1.056, அதாவது கம்மியா வித்தும் 5.6 சதவீதம் ஜாஸ்தி வருது. இன்சுலின், உப்பு, மாற்று இல்லாத எதுவும் இப்படித்தான் நடந்துக்கும், சிகரெட் மேல வரி போட்டா அரசுக்கு வசூல் கொட்டறதுக்கும் இதுதான் காரணம். அதே 10 சதவீதத்துக்கு விற்பனை 20 சதவீதம் இறங்கினா நெகிழ்ச்சி 2, வருமானம் 0.88க்கு வந்துடும், விலை ஏத்தினவருக்கு வர்ற பணம் 12 சதவீதம் குறையுது. ஒண்ணுக்கு மேலயா கீழயாங்கறதுதான் முழு விஷயமும்.

கால அவகாசம் கூடக்கூட நெகிழ்ச்சியும் கூடும். பெட்ரோல் விலை ஏறின மறுநாள் யாரும் வண்டியை மாத்த மாட்டாங்க, அஞ்சு வருஷத்துல மாத்துவாங்க.

உச்ச விலைக் கட்டுப்பாடுன்னா கோட்டை சமநிலைக்கு மேல போடணுமா கீழ போடணுமா?

சமநிலைன்னா டிமாண்ட் கோடும் சப்ளை கோடும் சந்திக்கற விலை. உச்சம்னு கேட்டதும் அதுக்கு மேலதான் போடத் தோணும், ஆனா கீழதான் போடணும். இதுக்கு மேல விக்கக் கூடாதுன்னு சொல்றது மார்க்கெட் விலையை விட உயரத்துல இருந்தா அந்த சட்டத்தால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. குறைந்தபட்ச விலை, குறைந்தபட்சக் கூலி எல்லாம் இதுக்கு நேர் எதிர், மேல இருந்தாத்தான் அதுக்கு விளைவு இருக்கும்.

எல்லாத்தையும் நல்லா செய்யற நாடு எதுக்கு இறக்குமதி பண்ணணும்?

டேவிட் ரிக்கார்டோ 1817ல எழுதின கணக்கு இன்னைக்கும் அசையல, அதையே போட்டுப் பாருங்க. ஒரு குறிப்பிட்ட அளவு துணி நெய்ய ஒரு வருஷத்துக்கு இங்கிலாந்துல 100 ஆளு வேணும், போர்ச்சுகல்ல 90 போதும். ஒயினுக்கு இங்கிலாந்துல 120 ஆளு, போர்ச்சுகல்ல 80. ரெண்டுலயும் போர்ச்சுகல்தான் கெட்டி. ஆனா போர்ச்சுகல் துணில 90 பேரைப் போட்டா அந்த 90 பேரு 1.125 பங்கு ஒயின் பண்ணியிருப்பாங்க. இங்கிலாந்துல துணில போட்ட 100 பேரு ஒயினுக்குப் போயிருந்தா 0.83 பங்குதான் வந்திருக்கும். அப்ப துணியோட உண்மையான விலை, அதாவது அதுக்காக விட்டுக்கொடுக்கற ஒயின், இங்கிலாந்துலதான் கம்மி. இங்கிலாந்து துணி பண்ணி, போர்ச்சுகல் ஒயின் பண்ணி, நடுவுல ஒரு ரேட்டுக்கு மாத்திக்கிட்டா ரெண்டுக்கும் லாபம். முன்ன சொன்ன வாய்ப்புச் செலவேதான் திரும்பி வருது பாருங்க. முழுமையான நன்மை, அதாவது கம்மி ஆளை வச்சு செய்யற திறமை, யார்கிட்டங்கறது இங்க கேள்வியே இல்ல.

இதுல மறைஞ்சு கிடக்கற விஷயத்தையும் சொல்லிடறேன். நாட்டுக்கு மொத்தமா லாபம்னா நாட்டுல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் லாபம்னு அர்த்தம் இல்ல. போர்ச்சுகல்ல துணி நெய்யறவருக்கு வேலை போகுது, அவரு நாளைக்கே ஒயின் பண்ணக் கத்துக்க மாட்டாரு. சுதந்திர வர்த்தகத்தைப் பத்தின சண்டைல பாதி இந்த இடத்துலதான்.

ஜிடிபில எது சேரும், எது சேராது?

ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தின்னா, ஒரு நாட்டு எல்லைக்குள்ள ஒரு குறிப்பிட்ட காலத்துல உற்பத்தியான இறுதிப் பொருள், சேவைகளோட மார்க்கெட் மதிப்பு. இதுல "இறுதி"ங்கறதுதான் சாவி. பஞ்சு 20க்கு வித்துச்சு, நூல் 45க்கு, துணி 70க்கு, தச்ச சட்டை 120க்கு. எல்லாத்தையும் கூட்டினா 255 வரும், அது தப்பு, பஞ்சை நாலு தடவை எண்ணிட்டோம். ஜிடிபிக்குப் போறது 120தான். ஒவ்வொரு படிலயும் சேர்ந்த மதிப்பைக் கூட்டினாலும், 20, 25, 25, 50, அதே 120தான் வரும்.

பழைய கார் கை மாறினா சேராது, அந்தக் கார் தயாரான வருஷமே எண்ணியாச்சு, நடுவுல புரோக்கர் கமிஷன் வாங்கினா அது மட்டும் சேரும். ஷேர் வாங்கறது சேராது. பென்ஷன் மாதிரி அரசு கொடுக்கற தொகை சேராது. வீட்டுல சம்பளம் இல்லாம செய்யற சமையல், குழந்தை, வயசானவங்களைப் பாத்துக்கறது எதுவும் சேராது, அதே வேலைக்கு ஆள் வச்சு சம்பளம் கொடுத்தா சேரும். இது கொஞ்சம் உறுத்தற விஷயம்தான். அமெரிக்க தேசிய வருமானக் கணக்கை 1934ல காங்கிரஸுக்குக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸே, இதை வச்சு நாட்டு மக்களோட நலனை முடிவு பண்ணிட முடியாதுன்னு அந்த அறிக்கைலயே எச்சரிச்சிருந்தாரு.

ஜிடிபி ஃபார்முலால (நுகர்வு + முதலீடு + அரசு செலவு + ஏற்றுமதி − இறக்குமதி) இறக்குமதியைக் கழிக்கறதைப் பாத்து, இறக்குமதி பண்ணா ஜிடிபி குறையும்னு டிவில கூட பேசறாங்க. 100க்கு வெளிநாட்டு ஃபோன் வாங்கினா நுகர்வுல 100 ஏறுது, இறக்குமதில 100 கழியுது, மொத்தம் பூஜ்யம். அந்த ஃபோன் இங்க தயாராகல, அதனால கணக்குல இருக்கக் கூடாது, உள்ள வந்ததை வெளில எடுக்கறாங்க, அவ்ளோதான்.

பணவீக்கம் குறைஞ்சுடுச்சுங்கறாங்க, கடைல விலை குறையலயே?

குறையாது. பணவீக்கம்னா விலை ஏறுற வேகம். போன வருஷம் 100ஆ இருந்தது 8 சதவீதம் ஏறி 108 ஆச்சு, இந்த வருஷம் 3 சதவீதம்தான் ஏறுச்சுன்னா 111.24. வேகம் 8லேருந்து 3க்கு வந்துடுச்சு, விலை இன்னும் மேலதான் போயிருக்கு. விலையே இறங்கினாத்தான் அது பணவாட்டம். அது கேக்க இனிப்பா இருக்கும், ஆனா நாளைக்கு இன்னும் மலிவாகும்னு எல்லாரும் வாங்கறதைத் தள்ளிப் போட ஆரம்பிச்சா, கடனோட நிஜச் சுமையும் ஏற ஏற, பொருளாதாரம் படுத்துடும்.

சம்பளம் 5 சதவீதம் ஏறி விலைவாசி 8 சதவீதம் ஏறினா உங்க நிஜ சம்பளம் கிட்டத்தட்ட 3 சதவீதம் இறங்கிடுச்சு. "ரியல்"னு எந்த வார்த்தைக்கு முன்னாடி பாத்தாலும் விலையேற்றத்தைக் கழிச்சாச்சுன்னு எடுத்துக்குங்க.

அரசு ஏன் வேணும்கற அளவுக்கு நோட்டு அடிச்சுக் கொடுத்துடக் கூடாது?

பொருள் அதே அளவு இருந்து அதைத் துரத்தற பணம் மட்டும் கூடினா விலைதான் ஏறும். ஜெர்மனில 1923 ஜனவரில பிரான்ஸும் பெல்ஜியமும் ரூர் தொழில் பகுதிக்குள்ள படையை இறக்குச்சு, எதிர்ப்பு தெரிவிச்சு வேலையை நிறுத்தினவங்களுக்கு அரசு நோட்டு அடிச்சு சம்பளம் கொடுத்துச்சு, உற்பத்தி நின்னுபோச்சு, நோட்டு பெருகுச்சு. அந்த நவம்பர்ல ஒரு அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். 1946 ஜூலைல ஹங்கேரி இதையும் தாண்டிடுச்சு, கிட்டத்தட்ட 15 மணி நேரத்துக்கு ஒரு தடவை விலை ரெட்டிப்பாச்சு.

ஆனா பணம் கூடினா உடனே விலை ஏறும்னு மெஷின் மாதிரியும் நினைக்கக் கூடாது. 2008 நெருக்கடிக்கு அப்புறம் அமெரிக்காவோட மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் பெரிய அளவுல பணத்தை உருவாக்குச்சு, அடுத்த பத்து வருஷத்துல பெரும்பகுதி பணவீக்கம் அவங்க இலக்கான 2 சதவீதத்துக்குக் கீழயே கிடந்துச்சு, ஏன்னா அந்தப் பணத்துல பெரும்பகுதி கை மாறாம வங்கிகளோட இருப்புலயே தங்கிடுச்சு. எவ்ளோ பணம்கறதோட அது எவ்ளோ வேகமா சுத்துதுங்கறதும் சேர்ந்துதான் விலை.

வேலை இல்லாத எல்லாரும் வேலையின்மைக் கணக்குல வருவாங்களா?

வர மாட்டாங்க. வேலை இல்லாம இருக்கணும், வேலைக்கு வரத் தயாரா இருக்கணும், தேடிக்கிட்டும் இருக்கணும், மூணும் சேரணும். படிக்கறவங்க, வீட்டைப் பாத்துக்கறவங்க, ரிட்டயர் ஆனவங்க தேடலன்னா கணக்குலயே இல்ல.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 57 பேரு வேலைல, 3 பேரு தேடிக்கிட்டு, மொத்தம் 60. வேலையின்மை 5 சதவீதம். அந்த மூணு பேர்ல ஒருத்தர் வெறுத்துப்போய் தேடறதை நிறுத்திட்டாருன்னா 59ல 2 பேரு, 3.4 சதவீதம். ஒருத்தருக்குக் கூட புதுசா வேலை கிடைக்கல, நிலைமை மோசமாத்தான் ஆயிருக்கு, நம்பர் மட்டும் அழகாயிடுச்சு. அதனால வேலையின்மை விகிதத்தைப் பாக்கும்போது உழைப்பாளர் பங்கேற்பு விகிதத்தையும் (வேலை செய்யற வயசுல இருக்கறவங்கள்ல எத்தனை சதவீதம் பேரு வேலைலயோ தேடிக்கிட்டோ இருக்காங்கங்கறது) பக்கத்துல வச்சுப் பாக்கணும்.

பற்றாக்குறை பட்ஜெட், கடன், ரெண்டும் ஒண்ணுதானே?

இங்க பற்றாக்குறைன்னா ஒரு வருஷத்துல அரசோட வருமானத்தை விட செலவு எவ்ளோ ஜாஸ்தியோ அது. அது குழாய்ல வர்ற தண்ணி, கடன்கறது தொட்டில சேர்ந்து நிக்கற தண்ணி. குழாயைக் கொஞ்சம் சின்னதாத் திறந்து வச்சா தொட்டி மெதுவா நிரம்பும், குறையாது. "பற்றாக்குறையைக் குறைச்சுட்டோம்"னு சொல்ற அதே வருஷம் கடன் ஏறியிருக்கறது இதனாலதான். வருமானமும் சொத்தும் கூட இதே ஜோடிதான்.

ஃபிஸ்கல் பாலிசி, மானிட்டரி பாலிசி?

வரியும் அரசு செலவும் ஃபிஸ்கல், அது அரசு கையில. வட்டி விகிதமும் பணப்புழக்கமும் மானிட்டரி, அது மத்திய வங்கி கையில.

எக்ஸ்டெர்னாலிட்டின்னா?

வாங்கறவர், விக்கறவர் ரெண்டு பேரையும் தாண்டி, அந்தப் பரிமாற்றத்துல சம்பந்தமே இல்லாத மூணாவது ஆள் மேல விழற செலவு இல்லன்னா நன்மை. ஃபேக்டரி புகை கெட்டது, தடுப்பூசி நல்லது. புகைக்கு ஆகற செலவை ஃபேக்டரி கொடுக்கறதில்ல, அதனால தேவைக்கு மேல உற்பத்தி ஆகும், அந்த வித்தியாசத்தை வரியாப் போடுங்கன்னு ஆர்தர் பிகு 1920லயே சொன்னாரு, இன்னைக்கு கார்பன் வரின்னு பேசறதுக்கு வேர் அங்கதான் இருக்கு.

எகனாமிஸ்டுங்க ஏன் எதுலயும் ஒத்துப்போக மாட்டேங்கறாங்க?

நினைக்கறதை விட ஒத்துப்போவாங்க, சண்டை மட்டும்தான் நியூஸ்ல வருது. சண்டையிலயும் ரெண்டு வகை. "குறைந்தபட்சக் கூலியை ஏத்தினா வேலைவாய்ப்பு எவ்ளோ மாறும்"ங்கறது தரவை வச்சு சோதிக்கலாம். "ஏத்தணும்"ங்கறது எது முக்கியம்கற மதிப்பீடு, எந்த டேட்டாவாலயும் தீராது. முதல் வகையும் சுலபமில்ல, "மற்றவை மாறாதபோது"ன்னு புக்ல ஒரு வரில எழுதிடலாம், வெளில எதுவும் நமக்காக மாறாம நிக்காது. மார்க்கெட் விலைல எல்லாத் தகவலும் ஏற்கெனவே அடங்கியிருக்குன்னு வாதாடின யூஜீன் ஃபாமாவும், அடிக்கடி மனுஷ மனப்போக்கால விலை தறிகெட்டுப் போகும்னு காட்டின ராபர்ட் ஷில்லரும் 2013ல ஒரே நோபலைப் பகிர்ந்துக்கிட்டாங்க, லார்ஸ் ஹான்சனோட சேர்த்து.

மேத்ஸ் எவ்ளோ தெரியணும்?

ஆரம்பத்துக்கு சதவீதமும் கோட்டோட சாய்வும் போதும். சதவீதத்துல ஒரே ஒரு பொறி இருக்கு: வட்டி 4லேருந்து 5 ஆனா ஏறினது 1 சதவீதப் புள்ளி, ஆனா 25 சதவீதம். வீட்டுக்கடன் வாங்கினவருக்கு இந்த ரெண்டு நம்பர்ல எதைச் சொல்றாங்கங்கறதைப் பொறுத்து செய்தியோட தொனியே மாறிடும். கூடவே 70 விதியைத் தெரிஞ்சு வச்சுக்குங்க, வளர்ச்சி விகிதத்தால 70ஐ வகுத்தா ரெட்டிப்பாக எத்தனை வருஷம்னு தோராயமா வந்துடும், 7 சதவீதம்னா 10 வருஷம், 2 சதவீதம்னா 35.